முகம் ஏன் இருண்டுபோகிறது? வெயிலில் படம் எடுப்போருக்குச் சில குறிப்புகள்



சென்ற ஆண்டு தாய்மொழி இருவாரத்தின்போது உயர்நிலை இரண்டு மாணவர்களை லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றோம். கொடுத்த பணி எளிதானதுதான். இருவர் இருவராகச் சேர்ந்து ஐந்து படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரி எழுத வேண்டும். மறுநாள் அதைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எங்களுக்குப் பேருந்து கிடைத்த நேரம் பகல் 12.30. சரி, கிடைத்ததே பெரிசு என்று கிளம்பிவிட்டோம்.

மறுநாள் படங்களைத் திரையில் போட்டபோது ஒரு மாணவியின் குழுவில் இரண்டே படங்கள்தான் இருந்தன. மற்ற மூன்றையும் அவளே அழித்துவிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நல்லா இல்ல டீச்சர். நான் அவ்ளோ கறுப்பா தெரியுறேன், கண்ணே தெரியல" என்றாள். பின்னால் இருந்த ஒருவன் சிரித்தான். அவனை அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. "பரவாயில்லைம்மா, வேற படம் எடுத்துக்கலாம்" என்று மழுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளியில் யாரும் தொடாமல் கிடந்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் நானே வெளியில் போய்ப் படம் எடுத்துப் பழகினேன். நான் தொழில்முறைப் படக்கலைஞர் இல்லை. அன்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கற்றல் பயணம், பள்ளி இதழ், பட ஒப்படைப்பு என்று பிள்ளைகளை வெளியில் அழைத்துப் போகும் எல்லோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நம் ஊர் உச்சிவெயில்

முதலில் நேரம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறைகிறது. நண்பகலில் அது தலைக்கு நேர் மேலே, அல்லது அதற்கு மிக அருகில் நிற்கிறது. ஜூனிலும் டிசம்பரிலும்கூட 65 பாகைக்குக் கீழே அது இறங்குவதில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நம் உச்சிவெயில் 12 மணிக்கு வருவதில்லை, 1 மணியை ஒட்டித்தான் வருகிறது. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டன. நாம் இருக்கும் இடத்தைப் பார்த்தால் சூரியக் கணக்குப்படி நம் நேரம் இன்னும் ஒரு மணிக்கு மேல் பின்னால் இருக்க வேண்டும். ஆக, நான் பிள்ளைகளை அழைத்துப்போன 12.30 முதல் 2 மணி வரைதான் அந்த நாளிலேயே மிக மோசமான நேரம்!

ஒளி மேலிருந்து நேராக விழுந்தால் முகத்துக்கு என்ன ஆகும்? நெற்றியும் மூக்கும் பளபளக்கும். புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரும்பள்ளங்கள்தான் தெரியும். "கண்ணே தெரியல" என்று அவள் சொன்னது இதைத்தான். அவள் சொன்னது சரி.

கடிகாரம் பார்க்காமல் இதைக் கணிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளைகளைத் தங்கள் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 பாகைக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். தாராளமாகப் படம் எடுக்கலாம். நிழல் குட்டையாகிவிட்டால் திறந்த வெளியில் முகங்களை எடுப்பதை நிறுத்திவிடுங்கள். சூரியன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை ஏறுவதால், நம் ஊரில் நிழல் நீளமாக இருப்பது காலை 10 மணி வரையிலும், மாலை 4 மணிக்குப் பிறகும்தான். அந்தி ஒளியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குளிர்நாடுகளில் போல் அது நீண்டு கிடப்பதில்லை. சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குள் நம் ஊரில் இருட்டிவிடும்.

கேமரா எதைப் பார்க்கிறது?

இப்போது அந்தக் "கறுப்பா தெரியுறேன்" என்ற பகுதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள், மாணவர்களே. உங்களில் பலருக்கு இது நடந்திருக்கும்.

கேமராவுக்கு முகம் தெரியாது, சட்டைக்கும் சுவருக்கும் வேறுபாடு தெரியாது. சட்டகத்துக்குள் விழும் மொத்த ஒளியை அளந்து, அது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் அளவுக்கு வரும்படி படத்தைக் கூட்டியோ குறைத்தோ பதிவு செய்கிறது. அந்தச் சாம்பல், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நிறம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். இப்போதைய திறன்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு சரிசெய்கின்றன. ஆனாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இப்போது அன்றைய காட்சியை நினைத்துப் பாருங்கள். பின்னால் வெள்ளை வானம். அவள் போட்டிருந்தது வெள்ளைச் சீருடை. கீழே வெயில் பட்ட சிமெண்டுத் தரை. சட்டகத்தில் முக்கால் பங்கு பளிச்சென்ற வெள்ளை. கேமரா என்ன செய்யும்? "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா" என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வானமும் சட்டையும் அழகாக வந்துவிடும். ஏற்கெனவே நிழலில் இருந்த முகம் இன்னும் இரண்டு படி இறங்கிவிடும். அதே இடத்தில் வெளிர்நிறத் தோல் உள்ள ஒருவர் நின்றிருந்தால் அவர் முகமும் இருண்டிருக்கும். ஆனால் சட்டைக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் குறைவு என்பதால் அது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. நம் தோலின் நிறத்துக்கு அந்தத் தூரம் அதிகம். ஆகவே, அன்று கேமரா காட்டியது அவளுடைய நிறத்தை அல்ல. தவறான இடத்தில் எடுத்த ஓர் அளவைத்தான் அது காட்டியது.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பிலிம் காலத்தில், படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண் இருப்பார். முதலில் அப்படி நின்றவர் பெயர் ஷெர்லி என்பதால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். கறுத்த தோல் எப்படி வந்தது என்று பார்க்க அட்டையில் யாரும் இல்லை. சாக்லேட், மரச்சாமான் விளம்பரம் எடுத்தவர்கள் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பிலிமில் மாற்றம் வரத் தொடங்கியது என்பதை ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்களுக்காக வராத மாற்றம் சாக்லேட்டுக்காக வந்தது! பல நிறத்தோர் இருக்கும் அட்டைகள் 1990களில்தான் வந்தன. திறன்பேசிகளில், கூகல் நிறுவனம் 2021இல் பிக்சல் 6உடன் பலவகைத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்டுவதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது, பின்னால் இருந்து சிரித்த அதே பையன்தான் அதிகமாகக் கேள்வி கேட்டான்.

சரி, கையில் இருக்கும் திறன்பேசியில் என்ன செய்யலாம்? திரையில் முகத்தின் மேல் விரலால் ஒருமுறை தொடுங்கள். அளவு அங்கிருந்து எடுக்கப்படும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை, அல்லது சறுக்கியை, மெல்ல மேலே தள்ளுங்கள். முகத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான பேசிகளில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும். எவ்வளவு தள்ளுவது? முகம் வெளுக்கும் வரை அல்ல. கண்ணின் வெள்ளையும் கருவிழியும் தனித்தனியாகத் தெரிந்தால் போதும், அங்கே நிறுத்திவிடுங்கள். வானம் வெளிறிப் போகும். போகட்டும். எடுப்பது வானத்தின் படம் இல்லையே.

கேமராவில் எடுப்பவர்கள், பின்புலம் பளிச்சென்று இருந்தால் ஒளியளவுத் திருத்தத்தைக் கூட்டல் 1இல் வைத்துத் தொடங்குங்கள். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கறுத்த முகம் சட்டகம் முழுவதும் நிறைந்திருந்தால், கேமரா அதையும் சாம்பலாக்கப் பார்த்துத் தேவைக்கு மேல் வெளுக்கச் செய்யும். அப்போது அரைப் படி குறைக்க வேண்டும். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அதற்குள் இருக்கும் செம்மையும் பொன்னிறமும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதே காரணத்துக்காக இன்னொரு வேண்டுகோள். பல பேசிகளில் அழகூட்டும் வசதி ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தோலை வழவழப்பாக்கி வெளுக்கவும் வைக்கும். வகுப்பு வேலைக்கு எடுக்கும்போது அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் முனகுவார்கள், என் வகுப்பிலும் முனகினார்கள். அணைத்துவிட்டு நல்ல ஒளியில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் முனகல் நின்றுவிடும்.

நிழலின் விளிம்பில் நிற்க வையுங்கள்

பேருந்து கிடைப்பது 12.30க்குத்தான் என்றால்? பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும், தெரியும். அப்போது ஆளை நகர்த்த வேண்டும்.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதை ஓடுகிறது அல்லவா? மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் திறந்த வீதி. உச்சிவெயிலில் அதைவிட நல்ல படக்கூடம் கிடையாது. ஆளை அந்த நிழலுக்குள், விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே நிறுத்தி, முகத்தை வீதிப் பக்கம் திருப்புங்கள். மேலிருந்து வரும் வெயிலைக் கூரை தடுத்துவிடும். வீதியில் பட்டுத் திரும்பும் ஒளி பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் மெதுவாக முகத்தில் வந்து விழும். கண்குழி நிழல் காணாமல் போய்விடும். நீங்கள் வீதியோரத்தில் நின்று உள்நோக்கி எடுத்தால் பின்புலம் இருட்டாக அமைந்து முகம் எடுப்பாகத் தெரியும். வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவரை நிறுத்துங்கள்.

அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளமும் அப்படித்தான். பள்ளி நடைபாதையும் அப்படித்தான். விளிம்பிலிருந்து ஆழமாக உள்ளே போய்விட்டால் ஒளி குறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மரநிழல் கொஞ்சம் ஏமாற்றும். இலைகளுக்கிடையே ஒழுகும் வெயில் முகத்தில் சிறுத்தைப்புள்ளி போல விழும். மழைமரத்தின் அடர்ந்த நிழலில் நின்றாலோ இலையின் பச்சை தோலில் ஏறி, ஆள் உடம்பு சரியில்லாதவர் போல் தெரிவார். மரத்தடியில் எடுப்பதென்றால் நிழல் முடியும் இடத்துக்கு வந்துவிடுங்கள்.

வெயிலில்தான் எடுத்தாக வேண்டும், பின்னால் இருக்கும் கோபுரம் படத்தில் வர வேண்டும் என்றால், ஆளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துவது நல்லது. "சூரியனைப் பார்த்து நில்லு" என்று நம் அப்பாமார் சொல்லிக் கொடுத்தது பிலிம் காலத்து அறிவுரை. அப்படி நின்றால் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒருவருக்குக்கூடக் கண் திறந்திருக்காது. சூரியன் பின்னால் இருந்தால் முடியின் ஓரம் ஒளிரும், முகம் முழுவதும் ஒரே சீரான நிழலில் இருக்கும். அந்த நிழலை நிரப்ப ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். ஒரு குறிப்பு: கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை. கோபுரத்தின் சிற்பங்களை எடுக்கக் காலை 8, 9 மணி ஏற்றது. பிற்பகலில் போனால் கோபுரமே எதிர்வெயிலில் நிற்கும்.

மஜோங் தாள் போதும்

நிழலை நிரப்ப நான் பயன்படுத்துவது மஜோங் தாள். குழு நடவடிக்கைக்கு நாம் வாங்கி வைப்போமே, அதேதான். வெள்ளைத் தாள் ஒன்றை அட்டையில் ஒட்டி, ஒரு மாணவரை அதைப் பிடித்துக்கொண்டு ஆளின் மார்புக்குக் கீழே, படத்தில் விழாதபடி உட்காரச் சொல்லுங்கள். வெயில் தாளில் பட்டு முகத்துக்குத் திரும்பும். தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தோன்றும் இடம் வரும். அதுதான் சரியான கோணம். முகத்துக்கு எவ்வளவு அருகில் கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு ஒளி கூடும். பளபளக்கும் அலுமினியத் தாள் வேண்டாம். கண் கூசும், முகத்தில் திட்டுத் திட்டாக ஒளி விழும்.

கூடவே டிஷ்யூ ஒரு பொட்டலம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து நிமிடத்தில் நெற்றி வியர்த்துவிடும். கறுத்த தோலில் வியர்வை வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும். படம் எடுப்பதற்கு முன் ஒற்றி எடுக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கருவிகள் பற்றி

"எந்த கேமரா வாங்கலாம் டீச்சர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பட ஒப்படைப்புக்காக எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். முகம், கடை, தெரு, கோயில் எல்லாவற்றுக்கும் திறன்பேசி போதும். முதல் வேலையாக அதன் வில்லையைத் துடைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் எண்ணெய் படிந்த வில்லையில் வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் ஆகிவிடும். விரலால் பெரிதாக்கி எடுப்பதைவிட இரண்டடி முன்னால் நடப்பது நல்லது. பெரும்பாலான பேசிகளில் ஓர் எல்லைக்கு மேல் பெரிதாக்கினால் படம் வெறுமனே வெட்டிப் பெரிதாக்கப்படுகிறது, புதிதாக எதுவும் பதிவாவதில்லை.

பேசியால் முடியாத இடம் தூரமும் வேகமும். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குச் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வருகின்றன. அவற்றை எடுக்க 300 மி.மீ. வில்லையாவது வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்க வேண்டும். ஓடும் பிள்ளைகளுக்கு 1/500 போதும். நீண்ட வில்லையைக் கையில் பிடித்து எடுக்கும்போது, வில்லை எத்தனை மி.மீட்டரோ அதைவிடக் குறைந்த பின்னத்துக்குப் போகாதீர்கள். 300 மி.மீ. என்றால் 1/300க்கு மேல் வேகம். இல்லாவிட்டால் கை நடுக்கம் படத்தில் தெரியும்.

கேமராவைத் தானியங்கியிலிருந்து மாற்றிப் பழக விரும்புவோருக்கு ஒரு பழைய கணக்கு: நல்ல வெயிலில் துளையை எஃப்/16இல் வையுங்கள். ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்கட்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100க்கு அருகில், அதாவது 1/125. மேகமூட்டம் என்றால் எஃப்/8. ஐந்தடிப் பாதை போன்ற திறந்த நிழலில் எஃப்/5.6 அல்லது எஃப்/4. வெயிலுக்கும் அந்த நிழலுக்கும் எட்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். அதனால்தான் பாதி முகம் வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால் எந்தக் கேமராவாலும் ஒழுங்காகப் பிடிக்க முடிவதில்லை.

கேட்டுவிட்டு எடுங்கள்

பூக்கடைக்காரர், காய்கறி அடுக்குபவர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு வந்த ஊழியர் என்று யாரை எடுத்தாலும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, நல்ல வாய்மொழிப் பயிற்சியும்கூட. என் மாணவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்தேன். "அண்ணே, பள்ளிக்கூட வேலைக்காக ஒரு படம் எடுத்துக்கலாமா?" அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மறைந்து நின்று தூரத்திலிருந்து எடுப்பதை நான் அனுமதிப்பதில்லை.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துப் பேசும்போது "ஒருவர் நிற்கிறார், ஒருவர் நடக்கிறார்" என்பதற்கு மேல் பலருக்கு ஓடுவதில்லை. ஒளியைப் பார்த்துப் படம் எடுத்துப் பழகியவர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். இளவெயில், உச்சிவெயில், எதிர்வெயில், மாலை மஞ்சள், நிழல் விழுந்த முகம், கண் கூசும் தரை, இவையெல்லாம் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள். முன்பு "படத்தில் ஒரு பூக்காரர் இருக்கிறார்" என்று எழுதியவள் இந்த ஆண்டு, "உச்சிவெயிலில் வாடாமல் இருக்க, பூக்காரர் மல்லிகையின்மேல் ஈரத்துணியைப் போர்த்தியிருந்தார்" என்று எழுதினாள். படங்களை அழித்த அதே மாணவிதான். இம்முறை அவளே தோழியை ஐந்தடிப் பாதையின் விளிம்பில் நிறுத்தி, "கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திரும்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பேசியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு அவளும் அதே இடத்தில் நின்றாள். அந்தப் படத்தையும் சேர்த்தே ஒப்படைத்தாள்.

கடைசியாக, பள்ளிக் கேமராவை வெளியே எடுத்துச் செல்வோர் கவனத்துக்கு. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியில் கொண்டுபோனால் வில்லையில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். அறையை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளியில் அரை மணி நேரம் பையோடே வைத்திருந்து பிறகு எடுங்கள். திரும்பி வந்த பின் தோல்பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். நம் ஈரப்பதத்தில் சில மாதங்களிலேயே வில்லைக்குள் பூஞ்சை வலை பின்னிவிடலாம். நான் இரவல் வாங்கிய கேமராவின் ஒரு வில்லை அப்படித்தான் போயிருந்தது. ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத உணவு டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு வைக்கலாம். ஜெல்லின் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.